அச்சமும் பதற்றமும்: குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் பதற்றக் கோளாறுகளும் தமிழ்ச் சொல்வழக்கும் – வேப்பந்தட்டை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் காணப்படும் பதற்றக் கோளாறுகளை மருத்துவ உலகம் விரிவாக ஆராய்ந்துள்ளது. அவற்றைத் தமிழ் பேசும் குடும்பமும் பள்ளியும் எச்சொற்களால் அடையாளம் காண்கின்றன என்பது மொழித்துறைக்கு உரிய வினா. தொல்காப்பியம் அச்சத்திற்குக் களன் வகுத்து, அதன் மெய்வெளிப்பாட்டையும் பேசுகிறது. பதற்றக் கோளாறோ கண்முன் களன் இல்லாத நிலையிலும் எழுந்து, தவிர்ப்பினால் வளர்வது. இவ்வேறுபாடு அன்றாட வழக்கில் 'பயம்' என்னும் ஒரே சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. அதனால் கோளாறுற்ற குழந்தை ஒருபுறம் கண்டிக்கப்படுகிறது. மறுபுறம் அளவின்றிக் காக்கப்படுகிறது. இரண்டும் கோளாற்றை வளர்க்கின்றன. பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் மாநில அளவில் முன்னிற்கும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பின்னணியில், வேப்பந்தட்டை வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அச்சம், பதற்றம், மெய்ப்பாடு, தவிர்ப்பு, அவையச்சம், வளரிளம் பருவம், வேப்பந்தட்டை.

முன்னுரை

திங்கட்கிழமை காலை, பள்ளிப் பேருந்து வரும் நேரத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வயிற்றுவலி வருகிறது. பேருந்து சென்றபின் சிறிது நேரத்தில் வலி குறைகிறது. நண்பகலில் அவள் இயல்பாக விளையாடுகிறாள். செவ்வாய்க்கிழமை காலை வலி மீண்டும் வருகிறது. வீட்டில் ஒருவர் அதைப் பொய் என்கிறார். ஒருவர் உடற்சூடு என்கிறார். பாட்டியோ, பிள்ளை எதையோ கண்டு பயந்திருக்கிறது, மந்திரித்து வர வேண்டும் என்கிறார். கருத்து விளக்கத்திற்காகப் புனைந்துகொண்ட இவ்வெடுத்துக்காட்டில், மூன்று விளக்கங்களுள் பாட்டியின் விளக்கமே உண்மைக்கு மிக அருகில் உள்ளது. எனினும் 'எதையோ கண்டு' என்னும் சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது. அம்மாணவி எதையும் கண்டு அஞ்சவில்லை. வரப்போவதாகத் தான் எண்ணும் ஒன்றை நினைந்து அஞ்சுகிறாள்.

கண்டு அஞ்சுவதற்கும் நினைந்து அஞ்சுவதற்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடே அச்சத்தையும் பதற்றத்தையும் பிரிக்கும் கோடு. நினைந்து அஞ்சுதல் எல்லார்க்கும் உரிய இயல்பு. அது அளவு மீறி, நெடுநாள் நீடித்து, கல்வி, நட்பு, உறக்கம், குடும்ப வாழ்வு ஆகியவற்றைக் குலைக்கும்போதே கோளாறு எனப்படுகிறது. இக்கோட்டைத் தமிழ்ச் சொல்வழக்கு எங்கே தெளிவாக வரைந்துள்ளது, எங்கே மங்கவிட்டுள்ளது, அம்மங்கலால் குழந்தைக்கு நேர்வது யாது என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1. வட்டாரப் பின்புலம்

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், பச்சைமலைத் தொடருக்குக் கிழக்கே அமைந்தது வேப்பந்தட்டை. பெரம்பலூர் மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்றின் தலைமையிடம் இது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி நிலப்பகுதி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இங்கு இயங்குகிறது. அரசு கலை அறிவியல் கல்லூரியும் இவ்வூரில் உள்ளது. மழையை நம்பிய வேளாண் குடும்பங்களுக்குக் கல்வியே நிலத்திலிருந்து வெளியேறும் வழியாகத் தோன்றுவது இயல்பு.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிந்த பெரம்பலூரும், பின்னர் அதிலிருந்து பிரிந்து 2007இல் நிலைபெற்ற அரியலூரும் நெடுங்காலம் பின்தங்கிய மாவட்டங்களாகவே கருதப்பட்டவை. இன்று அவை பொதுத்தேர்வு முடிவுகளில் முன்னிற்கின்றன. 2022ஆம் ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 97.95 விழுக்காடும், 2023ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் 97.67 விழுக்காடும் பெற்றுப் பெரம்பலூர் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. 2024ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் 97.31 விழுக்காட்டுடனும், 2025ஆம் ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 98.82 விழுக்காட்டுடனும் அரியலூர் முதலிடம் பெற்றது.

ஆசிரியர், மாணவர், பெற்றோர் உழைப்பின் பயனாகிய இவ்வெற்றி போற்றத்தக்கது. இவ்வெற்றியே பதற்றத்தை விளைவித்தது என்று கூறுவதற்குச் சான்று இல்லை. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் தேறும் ஊரில் தேறாத மூவரின் நிலை, நூற்றுக்கு அறுபது பேர் தேறும் ஊரில் தேறாத நாற்பதின்மரின் நிலையினின்று வேறானது. பலரோடு தோற்பவனுக்குத் துணை உண்டு. தனித்துத் தோற்பவனுக்கு அது இல்லை. தேர்ச்சி விழுக்காடு எவர் தேறினர் என்பதைக் காட்டும். தேறியோர் எந்நிலையில் தேறினர் என்பதைக் காட்டாது.

2. தொல்காப்பியம் காட்டும் அச்சம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அணங்கு, விலங்கு, கள்வர், இறை என அதற்கு நான்கு களன்களை வகுக்கிறது. இந்நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை. உரையாசிரியர் பேராசிரியர் 'இறை' என்பதற்கு அரசரை மட்டுமன்றித் தந்தையரையும் ஆசிரியரையும் சேர்த்துப் பொருள் கொள்கிறார். குழந்தையின் உலகில் அரசரைவிட இவ்விருவரே அணுக்கமான இறை என்பதால் இவ்வுரை இன்றைய ஆய்வுக்கும் பொருந்துகிறது. சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' புதினத்தில் பாலு என்னும் சிறுவன் தந்தையின்பால் கொள்ளும் அச்சம், இறை பற்றிய அச்சத்திற்கு இக்காலப் புனைவு தரும் நுட்பமான எடுத்துக்காட்டு எனலாம்.

எண்வகை மெய்ப்பாடுகளோடு அமையாது, அவற்றின் வேறாக முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளையும் அவ்வியல் அடுக்குகிறது. அவற்றுள் வெரூஉதல், விரைவு, உயிர்ப்பு, கையாறு, இடுக்கண், வியர்த்தல், ஐயம், நடுக்கு ஆகியன இங்குக் கருதத்தக்கவை. இவை யாவும் அச்சத்தின் விளைவுகள் என்று நூல் கூறவில்லை. உரைகளும் இவற்றுட் சிலவற்றைப் பிற உணர்வுகளோடு இயைக்கின்றன. எனினும், மூச்சு, வியர்வை, நடுக்கம், திடுக்கிடல் எனப் பதற்றத்தின் உடற்குறிகளாக இன்றைய மருத்துவம் எண்ணுவனவற்றுக்கு நெருங்கிய சொற்களை ஓர் இலக்கண நூல் ஒருசேரத் தொகுத்திருப்பது நோக்கத்தக்கது.

இவற்றுள் 'நடுக்கு' என்பதற்குப் பேராசிரியர் தரும் விளக்கம் தனியே கருதத்தக்கது. நடுக்கம் அச்சத்தால் மட்டும் வருவதன்று. அன்பாலும் வரும் என்கிறார் அவர். பிள்ளைகளுக்கு நோய் எதுவும் இல்லாதபோதும் என்ன வருமோ என்று பெற்றோர் நடுங்குவதை அன்பால் வரும் நடுக்கத்திற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். கண்முன் களன் இல்லாமல், வரக்கூடியதை எண்ணி உடல் நடுங்கும் நிலையே இங்குச் சுட்டப்படுகிறது. ஆகவே பதற்றம் என்னும் பொருண்மை தமிழ் மரபுக்குப் புதிதன்று. மரபு அதனைப் பெற்றோரிடத்தில் கண்டது. பிள்ளையிடத்திலும் காண்பதே இன்றைய தேவை.

உரியியலும் இங்குத் துணைபுரிகிறது. பே, நாம், உரும் என்பன அச்சப் பொருளையும், அதிர்வு, விதிர்ப்பு என்பன நடுக்கப் பொருளையும், அலமரல், தெருமரல் என்பன சுழற்சிப் பொருளையும் தருவன என அவ்வியல் கூறும். அஞ்சுதல், நடுங்குதல், மனஞ்சுழலுதல் ஆகிய மூன்றையும் வெவ்வேறு சொற்களால் பிரித்தறிந்த மொழியில், இன்று மூன்றையும் 'பயம்' என்னும் ஒரு சொல்லே சுமக்கிறது.

3. பயம், கவலை, பதற்றம்

'கவலை' என்னும் சொல்லின் வரலாறு இப்பொருண்மையைத் தெளிவாக்குகிறது. பழந்தமிழில் அது பிரிந்து செல்லும் வழியையும், கிளைத்தலையும் குறித்தது. இரு வழி பிரியும் இடத்தில் நின்று, எவ்வழி செல்வதென்று மனம் இரண்டுபடும் நிலையே பின்னர் மனத்துயரைக் குறித்த கவலையாயிற்று எனக் கருத இடமுண்டு. பொதுப் பதற்றக் கோளாறுற்ற குழந்தையின் மனம் இவ்வாறே இயங்குகிறது. "அம்மா வரத் தாமதமானால்?", "விபத்து நேர்ந்திருந்தால்?", "கேள்வித்தாள் கடினமாக இருந்தால்?" என ஒவ்வொரு 'ஆல்' ஈறும் ஒரு புதிய கிளைவழியைத் திறக்கிறது. எவ்வழியிலும் அம்மனம் இறுதிவரை செல்வதில்லை. பிரியும் இடத்திலேயே நின்றுவிடுகிறது.

'பதறு' என்னும் வினையடியாகப் பிறந்த பதற்றம், மனத்தின் விரைவையும் உடலின் விரைவையும் ஒருங்கே குறிப்பது. எனவே கலைச்சொல்லாக்கத்தில் 'பயக் கோளாறு', 'கவலை நோய்' என்பவற்றினும் 'பதற்றக் கோளாறு' என்பதே பொருத்தமானது. பயம் என்பது களனை வேண்டுவது; கவலை என்பது மனத்தளவில் அமைவது; பதற்றம் ஒன்றே மனத்தையும் மெய்யையும் சேர்த்துக் காட்டுவது.

4. கோளாற்று வகைகளும் வட்டார வழக்கும்

அச்சம் வளர்ச்சியின் ஒரு கூறு. எட்டு மாதக் குழந்தை புதிய முகங்கண்டு அழுவதும், மூன்று வயதுக் குழந்தை இருளுக்கு அஞ்சுவதும், பள்ளி செல்லும் குழந்தை இறப்பை எண்ணிக் கலங்குவதும், வளரிளம் பருவத்தினர் பிறர் தம்மை எவ்வாறு மதிப்பர் என்று கூசுவதும் இயல்பானவை. பருவம் கடந்தும் நீடித்து, வாழ்வின் இயக்கத்தைத் தடுக்கும்போதே அவை கோளாறாகின்றன. 2013ஆம் ஆண்டின் அமெரிக்க உளமருத்துவர் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பும், 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடும் இக்கோளாறுகளை ஏறத்தாழ ஒத்த முறையில் வகுக்கின்றன.

பிரிவுப் பதற்றம்: பெற்றோரைப் பிரியும்போது அவர்களுக்கோ தனக்கோ தீங்கு நேரும் என்று குழந்தை அளவின்றி அஞ்சுவது. அக்கையேட்டின்படி குழந்தைகளிடம் நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தல் வேண்டும். பேச்சு வழக்கில் இது 'அம்மாப் பிள்ளை', 'முந்தானையை விடாத பிள்ளை' எனப்படுகிறது. தந்தை பிழைப்புக்காக வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் குடும்பங்களில் இப்பிணைப்பு பாசமாகவே கொள்ளப்படும்.

இடஞ்சார் பேசாமை: வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை பள்ளி முதலிய இடங்களில் ஒரு மாதத்திற்கும் மேலாகப் பேசாதிருப்பது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் இக்கணக்கில் சேராது. 'வீட்டில் புலி, வெளியில் எலி' என்னும் பழமொழி இந்நிலையைத் துல்லியமாகச் சுட்டுகிறது. ஆனால் ஏளனமாகச் சுட்டுகிறது. பேச மறுக்கும் பிடிவாதமாக இது கொள்ளப்படுகிறது. உண்மையில் அக்குழந்தை பேச இயலாத அளவு அஞ்சுகிறது.

அவையச்சம்: பிறர் நோக்கும் சூழலில் தவறிழைத்து இழிவுறுவோம் என்னும் அச்சம். குழந்தைகளிடம் இது பெரியோர் முன்னிலையில் மட்டுமன்றி ஒத்த வயதினர் முன்னிலையிலும் காணப்படல் வேண்டும். திருக்குறள் அமைச்சியலின் இறுதியில் 'அவையஞ்சாமை' எனத் தனி அதிகாரமே உண்டு. கற்றவரும் அவைக்கு அஞ்சக்கூடும் என்னும் அறிவு அவ்வதிகாரத்தின் அடிப்படை. கல்லாமை வேறு, கற்றதைச் சொல்ல அஞ்சுதல் வேறு. வகுப்பறையிலோ இவ்விரண்டும் ஒன்றாகவே மதிப்பெண் இழக்கின்றன.

குறித்த பொருளச்சம்: நாய், ஊசி, இடி, உயரம் போன்ற ஒன்றின்பால் தோன்றும் அளவுமீறிய அச்சம். தொல்காப்பியக் களன்களுக்கு மிக நெருங்கியது இவ்வகையே. குடும்பம் எளிதில் இனங்காண்பதும் இதனையே.

பொதுப் பதற்றம்: படிப்பு, உடல்நலம், குடும்பப் பொருளாதாரம் எனப் பலவற்றைப் பற்றி ஆறு மாதங்களுக்கு மேல் கட்டுக்கடங்காது எழும் கவலை. இக்குழந்தைகள் பெரும்பாலும் 'பொறுப்பான பிள்ளை' என்றே பாராட்டப்படுவர். எழுதியதை அழித்து அழித்து எழுதுவதும், விடைத்தாளைப் பலமுறை சரிபார்ப்பதும் நற்பண்பாகவே தோன்றும்.

திடீர்ப் பீதி: சில நிமிடங்களில் உச்சத்தை எட்டும் நெஞ்சுத்துடிப்பு, மூச்சுத்திணறல், இறந்துவிடுவோம் என்னும் எண்ணம். இது பெரும்பாலும் வளரிளம் பருவத்திலோ அதற்குப் பின்னரோ தொடங்குகிறது. மாரடைப்போ என்று அஞ்சி மருத்துவமனைக்கு விரையும் நிலையும் உண்டு.

இவ்வகைகளை நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. வழக்கில் இவற்றுக்குப் பெயரில்லை என்று கூற இயலாது, பெயர்கள் உள்ளன. ஆனால் அவை நிலையின் பெயர்களாக இன்றிக் குணத்தின் பெயர்களாக உள்ளன. அம்மாப் பிள்ளை, வாயில்லாப் பூச்சி, கூச்ச சுபாவம், அடக்கமான பெண், பொறுப்பான பையன் என்பன எல்லாம் குழந்தை யார் என்பதைச் சொல்கின்றன. குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்வதில்லை. குணம் என்று பெயரிடப்பட்டது மாறாதது என எண்ணப்படும். நிலை என்று பெயரிடப்பட்டதே மாற்றத்திற்கு இடந்தரும்.

5. மெய் பேசும் மொழி

சிறு குழந்தை 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று சொல்வதில்லை. அதன் உடல் சொல்கிறது. ஆபத்தை உணர்ந்த மூளை அட்ரினலின் முதலிய சுரப்புகளை இயக்குகிறது, இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானப் பாதையின் இயக்கம் மாறுகிறது. காலைநேர வயிற்றுவலியும் குமட்டலும் இவ்வாறு உண்மையாகவே தோன்றுபவை. வலி பொய்யன்று, வலியின் காரணம் வயிற்றில் இல்லை என்பதே உண்மை.

தமிழ்ப் பேச்சுவழக்கு இவ்வுடற்குறிகளை நுட்பமாகப் பதிவுசெய்துள்ளது. 'வயிற்றைக் கலக்குகிறது', 'நெஞ்சு படபடவென்று அடிக்கிறது', 'கை வெடவெடக்கிறது', 'திக்கென்றது', 'பகீரென்றது', 'கைகால் ஓடவில்லை' என்னும் வழக்குகளில் ஒவ்வொன்றும் ஓர் உடலியக்கத்தைச் சுட்டுகிறது. இவற்றுட் பல இரட்டைக்கிளவிகளாகவும் ஒலிக்குறிப்புகளாகவும் அமைந்திருத்தல் கருதத்தக்கது. உணர்வை எண்ணமாக மாற்றுமுன் ஒலியாகவும் அசைவாகவும் வெளியிடும் சொற்கள் இவை. உள்ளத்து நிகழ்வு மெய்யின்கண் புலப்படுதலே மெய்ப்பாடு என்னும் மரபின் தொடர்ச்சி இங்குக் காணப்படுகிறது.

ஆகவே மருத்துவரும் ஆசிரியரும் குழந்தையிடம் 'உனக்குப் பதற்றமா?' என்று வினவுவதைவிட, 'வயிற்றைக் கலக்குகிறதா? நெஞ்சு படபடக்கிறதா? எப்போது?' என்று வினவுவது பயன் தரும். 'எப்போது' என்னும் வினாவே இங்குத் திறவுகோல். விடுமுறை நாளில் வராது பள்ளி நாளில் மட்டும் வரும் வலி தன் காரணத்தைத் தானே உரைக்கிறது. எனினும் உடல்நோய் இல்லை என்பதை மருத்துவர் உறுதிசெய்த பின்னரே இம்முடிவுக்கு வருதல் வேண்டும்.

6. தவிர்ப்பினால் வளரும் பதற்றம்

முன்னுரையில் கண்ட மாணவியிடம் மீளலாம். அவள் அஞ்சுவது தமிழ்ப் பாடவேளையில் எழுந்து நின்று உரக்கப் படிப்பதை எனக் கொள்க. வயிற்றுவலியால் வீட்டில் தங்குகிறாள். பேருந்து சென்றதும் பதற்றம் தணிகிறது. அத்தணிவு அவளுக்குக் கிடைத்த பரிசு. 'போகாததால் தப்பினேன்' என்று மனம் கற்கிறது. போயிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு அன்று இல்லாமற் போகிறது. மறுநாள் அச்சம் சற்றே பெரிதாக எழுகிறது. தவிர்க்குந்தோறும் அது வளர்கிறது. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்னும் பழமொழி இதன் முதற்பாதியைச் சொல்கிறது. இருளுக்குள் சென்று பாராதவரை பேய் கலையாது என்பது மறுபாதி.

இந்நிலையில் பெரியோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றைக் கைக்கொள்கின்றனர். ஒன்று கண்டிப்பு. 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியை நம்பி அடித்து அனுப்பினால், உரக்கப் படிக்கும் அச்சத்தோடு தந்தை, ஆசிரியர் ஆகிய இறை பற்றிய அச்சமும் சேர்கிறது. ஓர் அச்சம் இரண்டாகிறது. 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்திருப்பது இங்கு நினைவுகூரத்தக்கது. மற்றொன்று மிகுகாப்பு. வீட்டிலேயே இருத்திக்கொள்வது, அவளுக்குப் பதிலாகத் தாமே பேசுவது, 'ஒன்றும் ஆகாது' என்று நாளுக்குப் பன்முறை உறுதிகூறுவது ஆகியன அன்பினால் செய்யப்படுபவை. ஆயினும் அவை தவிர்ப்பின் வேறு வடிவங்களே. பேராசிரியர் சுட்டிய அன்பால் வரும் நடுக்கம் இங்குப் பிள்ளைக்கும் பரவுகிறது. பெற்றோர் முகத்தில் தெரியும் நடுக்கத்தைக் கண்டு, உலகம் அஞ்சத்தக்கது என்று குழந்தை உறுதிகொள்கிறது.

7. சிறுகச் சிறுக எதிர்கொள்ளல்

இவ்விரு வழிகளுக்கும் வேறான மூன்றாம் வழி ஒன்று உண்டு. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் மூன்று வயதை எட்டாத சிறுவனைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். சிறுவன் விரும்பிய உணவை உண்ணும்போது முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். அஞ்சாத பிற குழந்தைகளும் உடனிருந்தனர். இறுதியில் பீட்டர் முயலைத் தொட்டு விளையாடினான். வற்புறுத்தலும் இல்லை, விலக்கலும் இல்லை. குழந்தை தாங்கும் அளவில் அச்சத்தை எதிர்கொள்ளச் செய்யும் இம்முறையே பின்னர் அறிதல்–நடத்தை மருத்துவத்தின் உயிர்க்கூறாக வளர்ந்தது.

இதன் பயனை அளந்த ஆய்வுகளுள் 2008இல் அமெரிக்காவில் வெளியான ஒன்று குறிப்பிடத்தக்கது. 7 முதல் 17 வயது வரையுள்ள 488 பேர் அதில் பங்கேற்றனர். பன்னிரண்டு வாரங்களில் அறிதல்–நடத்தை மருத்துவம் பெற்றோரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரும், செர்ட்ராலின் மருந்து பெற்றோரில் 55 விழுக்காட்டினரும், இரண்டும் பெற்றோரில் 81 விழுக்காட்டினரும் தெளிவான முன்னேற்றம் கண்டனர். வெற்று மாத்திரை பெற்றோரிடம் இது 24 விழுக்காடே. பேச்சும் பயிற்சியும் மருந்துக்கு இணையான ஆற்றல் உடையவை என்பதும், மருந்து தேவைப்படும் நிலைகளில் மருத்துவர் மேற்பார்வையில் அதனை ஏற்கத் தயங்க வேண்டியதில்லை என்பதும் இதனால் அறியலாகின்றன.

நம் மாணவிக்கு இம்முறை எவ்வாறு அமையும்? முதலில் வீட்டில் தம்பிக்கு ஒரு பத்தி படித்துக்காட்டுவது. பின்பு தன் குரலைக் கைப்பேசியில் பதிந்து கேட்பது. இடைவேளையில் வெற்று வகுப்பறையில் ஒரு தோழிக்குப் படிப்பது. ஆசிரியரிடம் தனியே ஒரு வரி படிப்பது. வகுப்பில் இருந்த இடத்திலிருந்தே ஒரு வரி படிப்பது. இறுதியில் எழுந்து நின்று ஒரு பத்தி படிப்பது. ஒவ்வொரு படியிலும் பதற்றம் எழும். தவிர்க்காது நின்றால் அது தானே தணியும். அத்தணிவைக் கண்டபின்னரே அடுத்த படி. பள்ளிக்கு வருவது இதற்கிடையே நிற்றலாகாது. வாய்விட்டுப் படித்தல் தமிழ்க் கல்வியின் பழமையான பயிற்சி. அது சோதனையாகாது பயிற்சியாக அமையின், தமிழாசிரியரின் வகுப்பே இம்மருத்துவத்தின் முதற்களமாகும்.

8. கோளாறும் நியாயமான அச்சமும்

பதற்றத்தை இனங்காணும் முயற்சியில் மற்றொரு பிழையும் நேரக்கூடும். எல்லா அச்சத்தையும் கோளாறு என்று கொள்வதே அது. அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சுதல் அறிவுடைமை என்பது குறள்நெறி. அடிக்கும் ஆசிரியருக்கு அஞ்சும் மாணவனுக்கு மருத்துவம் தேவையில்லை. அடி நிற்க வேண்டும். பேருந்தில் தொல்லைக்கு ஆளாகும் மாணவி பயணத்திற்கு அஞ்சினால் மாற வேண்டியது அவளன்று, பேருந்துச் சூழல். இத்தகைய இடங்களில் படிப்படியாக எதிர்கொள்ளச் சொல்வது கொடுமையாகும்.

அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த மாணவி அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றிருந்தும், நீட் தேர்வு கட்டாயமாக்கப்பட்ட சூழலில் மருத்துவக் கல்வி வாய்ப்பை இழந்து, 2017 செப்டம்பர் 1 அன்று மறைந்தார். அம்மறைவை ஒரு கோளாற்றின் பெயருக்குள் அடக்குதல் முறையன்று. அது கல்விக் கொள்கை குறித்த வினாவாகவே தமிழகத்தில் எழுந்தது. அதே ஆண்டு பொதுத்தேர்வு முடிவுகளில் மாநிலத் தரவரிசை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு கைவிட்டது. குழந்தையின் மனத்தைச் சீராக்குவதோடு, அம்மனத்தை அழுத்தும் அமைப்பைச் சீராக்குவதும் கடமை என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

9. உதவி அமைப்புகள்

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதினரிடம் மனநலக் கோளாறுகள் 7.3 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது. பெருநகரங்களில் 13.5 ஆகவும் ஊரகப் பகுதிகளில் 6.9 ஆகவும் அது இருந்தது. ஊரக அளவு குறைவே எனினும், பதினைந்து பேரில் ஒருவர் என்னும் கணக்கில் அது ஒவ்வொரு வகுப்பறையிலும் இருவர், மூவரைக் குறிக்கும்.

1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் முதற்கட்டத்தில் நாடு முழுவதும் நான்கு மாவட்டங்களே இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று திருச்சிராப்பள்ளி. அதற்கு முந்தைய ஆண்டில்தான் பெரம்பலூர் அதிலிருந்து பிரிந்திருந்தது. பின்னர் இத்திட்டம் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசியத் தொலைபேசி மனநலச் சேவை தமிழகத்தில் 'நட்புடன் உங்களோடு' என்னும் பெயரில் 14416 என்னும் இலவச எண்ணில் இயங்குகிறது. 104 மருத்துவ உதவி எண்ணும், குழந்தைகளுக்கான 1098 எண்ணும் உள்ளன. இச்சேவைகளை நாடுவதற்கு முன் ஒரு படி உண்டு: குழந்தைக்கு நேர்வது உதவி வேண்டும் நிலை என்று யாரேனும் ஒருவர் அறிந்து பெயரிட வேண்டும். மந்திரித்தலும் திருநீறும் அமைதி தரலாம். அவற்றை இகழ்ந்து பாட்டியைப் பகைத்துக்கொள்வதால் பயனில்லை. பிள்ளையின் பயத்தை முதலில் கண்டவர் அவரே. அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வதே வழி.

முடிவுரை

1. அச்சத்திற்குக் களனும், மெய்க்குறிகளும், அன்பால் வரும் நடுக்கமும் தமிழ் இலக்கண மரபில் நுட்பமாகப் பேசப்பட்டுள்ளன. பதற்றக் கோளாற்றை விளக்கும் கலைச்சொற்களுக்கு இம்மரபு வளமான அடிப்படையாகும்.

2. இன்றைய வழக்கு பதற்ற நிலைகளைக் குணப்பெயர்களால் சுட்டுவதால், கோளாறு அடக்கமாகவோ பிடிவாதமாகவோ தோற்றமளித்து மறைகிறது.

3. கண்டிப்பும் மிகுகாப்பும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் பதற்றத்தை வளர்ப்பதில் ஒன்றே. படிப்படியாக எதிர்கொள்ளச் செய்தலே பயன்தரும் முறை.

4. நியாயமான அச்சத்தைக் கோளாறு எனக் கொள்ளாது, அதன் களனை நீக்குதல் வேண்டும்.

கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரும் உணர்வுடையோர்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் விளங்காது என்னும் கருத்தோடு மெய்ப்பாட்டியல் நிறைவுறுகிறது. இலக்கியம் பயில்வோர்க்குச் சொல்லப்பட்ட இத்தகுதி, வகுப்பறையின் கடைசி வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் குழந்தையைக் காணும் ஆசிரியருக்கும், பேருந்து நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைக் காணும் பெற்றோருக்கும் பொருந்தும். அக்குழந்தையின் மெய் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.